எங்கள் பெயரில் போன மடலைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவினருக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவினருக்கும்,

உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடமாக நடந்துவரும் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸ் (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய பாடம்) வகுப்பை அடுத்த கல்வியாண்டிலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனை, நம் பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்ட போர்டின் முன்னால் இருக்கிறது. அதை ஆதரித்து நீங்கள் போர்டுக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கிறீர்கள். "இவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பாக" என்று அதன் முதல் வரியிலேயே இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. எங்களை யாரும் கேட்கவில்லை. மடல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நான் எழுதிய மறுப்புக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் மடல் மூன்று காரணங்களைச் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றோடு சம்பந்தமில்லை. இது பிள்ளைகள் மனத்தில் கசப்பை வளர்க்கும். அந்த நேரத்தை கம்ப்யூட்டர் பாடத்துக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இது விருப்பப் பாடம். யாரும் யாரையும் பிடித்து உட்கார வைப்பதில்லை. கம்ப்யூட்டர் வகுப்பு வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இன்னொருவர் வகுப்பை மூடித்தான் அதைத் திறக்க வேண்டும் என்று போர்டு எங்கும் சொல்லவில்லை. நீங்களாக எழுதிச் சேர்த்த காரணம் அது.

இந்தப் பாடம் தானாக வந்ததும் இல்லை. 2016-ல் இதற்கென்று ஒரு பதிப்பகம் கொண்டுவந்த பாடநூலில் மெக்சிகோத் தொழிலாளர்களைச் சோம்பேறிகளாகக் காட்டும் வரிகள் இருந்தன. பேராசிரியர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போய், பக்கம் பக்கமாகப் பிழைகளை எடுத்துக் காட்டினார்கள். மாநிலக் கல்வி வாரியம் அந்த நூலை நிராகரித்தது. 2018 ஏப்ரலில் பாடத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோதும், 'மெக்சிகன் அமெரிக்கன்' என்று அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரை எடுத்துவிட்டு வேறு தலைப்பைச் சூட்டினார்கள். மறுபடியும் போய் நின்றார்கள். செப்டம்பரில் பெயர் திரும்பக் கிடைத்தது. டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிய, அதாவது ஸ்பானியம் பேசும் மக்களின் வழிவந்த, குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தங்கள் வரலாற்றைப் படிக்க ஒரு விருப்பப் பாடம் கிடைக்கவே அவர்கள் இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது. நீங்கள் அதை ஒரு பக்கக் கடிதத்தில் வேண்டாம் என்கிறீர்கள்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் டாலஸ் நார்த் டோல்வே என்ற சுங்கச் சாலையில் தினமும் போய் வருகிறவர்கள். டவுன்டவுனை நெருங்கும்போது இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்குமே, அந்த இடத்தில் 'லிட்டில் மெக்சிகோ' என்றொரு குடியிருப்பு இருந்தது. 1910-க்குப் பிறகு, மெக்சிகோப் புரட்சியின்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் அங்கே தங்கின. பிறகு அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள் வந்தன. 1960-களில் டோல்வே போடுவதற்காக அந்தக் குடியிருப்பின் ஊடே வெட்டிக்கொண்டு போனார்கள். 1968-ல் சாலை திறந்தது. மிச்சமிருந்த வீடுகளும் கடைகளும் உயர்மாடிக் கட்டடங்களுக்கு இடம் விட்டன. இன்று அந்த ஊர் இருந்ததற்கு அடையாளமாகப் பெரும்பாலும் எஞ்சி நிற்பது பைக் பார்க் என்ற ஒரு சிறிய பூங்காதான். ஆரம்ப காலத்தில் மெக்சிகோக் குடும்பங்களை அந்தப் பூங்காவுக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தார்கள்.

என் மகள் போன வருடம் இந்த வகுப்பில் படித்தாள். அவளுடைய ஆசிரியரின் பாட்டி வீடு டோல்வேக்காக இடிக்கப்பட்ட வீடுகளில் ஒன்று. வீட்டை இடிப்பதற்கு முந்தின நாள் தாத்தா கதவிலிருந்து கழற்றி எடுத்து வைத்த எண் பலகையை அந்த ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். நீலத்தில் வெள்ளை எழுத்து, எனாமல் பூச்சு, ஒரு மூலையில் பெயர்ந்து துரு ஏறியிருந்ததாம். பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். "அம்மா, ஆணி ஓட்டை ரெண்டும் அப்படியே இருந்துச்சு" என்று வந்து சொன்னாள். நான்கு வருடமாகப் புத்தகத்தில் படித்த எந்த வரலாற்றைப் பற்றியும் அவள் சாப்பாட்டு மேசையில் வந்து பேசி நான் கேட்டதில்லை.

அதே லிட்டில் மெக்சிகோவில் 1973 ஜூலை 24 அதிகாலையில் நடந்ததை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? ஒரு பெட்ரோல் பங்கில் குளிர்பான இயந்திரத்திலிருந்து 8 டாலர் திருடு போனது. போலீசார் சாண்டோஸ் ரோட்ரிகஸ் என்ற 12 வயதுச் சிறுவனையும், 13 வயதான அவன் அண்ணனையும் தூக்கத்திலிருந்து எழுப்பி, வெறுங்காலோடு, கையில் விலங்கு மாட்டி ரோந்துக் காரில் ஏற்றினார்கள். உண்மையைச் சொல் என்று ஒரு போலீஸ்காரர் சாண்டோஸின் தலையில் ரிவால்வரை வைத்து விசையை இழுத்தார். முதல் முறை குண்டு இல்லை. இரண்டாவது முறை இருந்தது. அண்ணன் அதே காரில் உட்கார்ந்திருந்தான். இயந்திரத்தில் இருந்த கைரேகைகள் அந்தப் பிள்ளைகளுடையவை அல்ல என்று பிறகு தெரிந்தது. சுட்டவருக்கு 5 ஆண்டு தண்டனை. அதில் பாதிக் காலம்தான் உள்ளே இருந்தார்.

குடும்பமும் அந்தச் சமூகமும் ஆண்டுதோறும் சாண்டோஸின் கல்லறையில் கூடின. டாலஸ் மேயர் வருத்தம் தெரிவித்தது 2013-ல். டாலஸ் போலீஸ் தலைமை அதிகாரி கல்லறைக்கே வந்து மன்னிப்புக் கேட்டது 2021-ல், அதாவது 48 ஆண்டுகளுக்குப் பிறகு. 2022-ல் பைக் பார்க்கில் அந்தச் சிறுவனுக்குச் சிலை வைத்தார்கள். நம் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்த மாநகரத்தில் நடந்த இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள உயர்நிலைப் பள்ளியில் வேறு எந்த வகுப்பு இருக்கிறது? நான் தேடிப் பார்த்தேன், எதிலும் இல்லை.

குழுவில் ஓர் அக்கா எழுதியிருந்தார்: "அவங்க கதை அவங்களுக்கு. நம்ம பிள்ளைங்க அதை எதுக்குச் சுமக்கணும்?" அவருக்கும் சேர்த்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த நாளை நினைத்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், கரண்ட் பில் கேட்டார்கள், தடுப்பூசி அட்டை கேட்டார்கள். விசாவைக் கேட்கவில்லை. எங்கள் விசா நீட்டிப்பு மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த காலத்தில் நானும் கணவரும் தூக்கமில்லாமல் இருந்தோம். ஆனால் மகளின் பள்ளியிலிருந்து அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அது பள்ளியின் பெருந்தன்மை இல்லை. அப்படிக் கேட்க முடியாமல் ஆக்கியது ஒரு தீர்ப்பு. ஆவணமில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் இல்லை என்று டெக்சஸ் 1975-ல் சட்டம் போட்டது. நமக்குக் கிழக்கே இருக்கும் டைலர் ஊரின் பள்ளி மாவட்டம், அப்படிப்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும் என்று 1977-ல் அறிவித்தது. பண்ணையிலும் ஆலையிலும் வேலை செய்த நான்கு மெக்சிகோக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. யார் கண்ணிலும் படாமல் இருக்க நீதிபதி விசாரணையை விடிகாலையில் வைத்தார். கோர்ட்டிலிருந்தே பிடித்து நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில், வீட்டுச் சாமான்களை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டுதான் அந்தப் பெற்றோர்கள் வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூன் 15 அன்று, 5-க்கு 4 என்ற கணக்கில், எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் இன்று சேர்க்கை மேசையில் என்னென்ன கேட்பார்களோ. சாமானோடு வந்து நின்ற அந்த நான்கு குடும்பங்களுக்கும் நம் பிள்ளைகளின் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று எப்படி எழுதினீர்கள்?

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். டெக்சஸில் ஜாக்சன் கவுன்டி என்ற வட்டாரத்தில் பீட் எர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி 1951-ல் ஒரு கொலை வழக்கில் மாட்டினார். அவர் குற்றம் செய்தாரா என்பது வழக்கறிஞர்களின் கேள்வி இல்லை. அந்தக் கவுன்டியில் மெக்சிகோ வம்சாவளி மக்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர் போல இருந்தும், 25 ஆண்டுகளாக அவர்களில் ஒருவர்கூட ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரவில்லை. அது நியாயமான விசாரணையா என்று கேட்டார்கள். மாநிலம் சொன்ன பதில்: எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு வகுப்பை மட்டுமே அறியும், மெக்சிகோக்காரர்கள் வெள்ளையர் கணக்கில் வருகிறார்கள், அதனால் பாகுபாடு என்ற பேச்சே இல்லை. அப்படிச் சொன்ன அதே கோர்ட் வளாகத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எந்தப் பலகையும் இல்லை. மற்றொன்றில் கறுப்பர்களுக்கு என்று ஆங்கிலத்திலும், ஆண்களுக்கு இங்கே என்று ஸ்பானியத்திலும் எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அதைக் குறிப்பிடுகிறது.

கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா போன்ற வழக்கறிஞர்கள் நடத்திய வழக்கு அது. செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். 1954 மே 3 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: சட்டத்தின் சமப் பாதுகாப்பு இரண்டு வகுப்போடு முடிந்துவிடுவதில்லை. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த பிரௌன் தீர்ப்பு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. வெள்ளையரும் இல்லாத கறுப்பரும் இல்லாத நாம் இந்த நாட்டின் கோர்ட்டில் போய், எனக்கு அநியாயம் நடந்தது என்று சொல்ல முடிகிறதென்றால், அந்த வழியை வெட்டியவர்களில் இவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

மொழிக்கு வருகிறேன். இது தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர்களுக்கு எழுதும் மடல், அதனால் இதைச் சுருக்க மாட்டேன்.

1918-ல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது: பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது குற்றம். அந்தச் சட்டம் ஐம்பது ஆண்டு இருந்தது. அதன் நிழலில், விளையாட்டு மைதானத்தில் ஸ்பானியம் பேசிய பிள்ளைகளுக்கும் அடி விழுந்தது. மேற்கு டெக்சஸின் மார்ஃபா ஊரில் பிளாக்வெல் என்று ஒரு பள்ளி. மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று 1909-லிருந்து தனியாக ஒதுக்கிவைத்தது. அங்கே 1954-ல் ஸ்பானிய மொழிக்கே சவ அடக்கம் நடத்தினார்கள். பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் ஸ்பானியச் சொற்களை எழுத வைத்து, சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், தங்கள் அம்மா பேசும் மொழியை, தங்கள் கையாலேயே. அந்தப் பள்ளி 1965-ல் மூடப்பட்டது. பழைய மாணவர்கள் கட்டடத்தை இடிக்க விடாமல் காப்பாற்றினார்கள். 2007-ல் கூடி, அதே வளாகத்தில் ஒரு ஸ்பானிய அகராதியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தார்கள். 2022-ல் அமெரிக்க அரசு அதை தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கும் சட்டம் கையெழுத்தானது.

1969-ல் ஜோ பெர்னால், கார்லோஸ் ட்ரூவான் என்ற இரண்டு உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் போராடி அந்த ஆங்கிலம் மட்டும் சட்டத்தை முடித்துவைத்தார்கள். 1973-ல் இருமொழிக் கல்விச் சட்டமும் வந்தது. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அரசுப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து, அந்தக் கரும்பலகையில் அ, ஆ எழுதிப் பழக்குகிறோம். நம்மை யாரும் தடுக்கவில்லை.

தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிக் கிரெடிட் (மொழிப் பாடம் படித்ததாகக் கணக்கு) கொடுக்க வேண்டும் என்று நாம் போர்டு முன்னால் போய் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. உங்களில் பலர் அன்று பின்வரிசையில் இருந்தீர்கள். நம் ஆட்கள் பேசி முடித்ததும், நமக்கு யாரென்றே தெரியாத ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பெரியவர் எழுந்து மைக்குக்கு வந்தார். கையில் தொப்பி. தான் முதல் வகுப்பில் ஸ்பானியம் பேசியதற்காக மரப் பலகையால் அடி வாங்கியதைச் சொன்னார். அடிக்குப் பயந்து தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, இப்போது பேரப்பிள்ளைகள் கொள்ளுப்பாட்டியோடு பேச முடியவில்லை என்றார். இந்தப் பெற்றோர்கள் கேட்பதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து நாம் போய்க் கைகுலுக்கினோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் நம் ஆண்டு மலரில் இருக்கிறது. அவர் நமக்காகப் பேசினார். அவர் அடி வாங்கிய வரலாறு வேண்டாம் என்று நாம் அதே போர்டுக்கு எழுதுகிறோம். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

அடுத்தது கசப்பு. நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன காரணம்.

வசந்த விடுமுறையில் நம் குடும்பங்கள் கூட்டமாக பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகின்றன. போகிற வழியில் மார்ஃபாவைத் தாண்டி 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் நிற்கும் அந்தப் பிராடா என்ற ஆடம்பரக் கடை மாதிரிக் கலைக்கட்டடத்தின் முன்னால் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறோம். அதே நெடுஞ்சாலையில், மார்ஃபாவுக்கு மேற்கே, 2018-ல் வைத்த ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. போர்வெனிர் என்ற சிற்றூரைப் பற்றியது. மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஆடு மேய்த்தும் பயிர் செய்தும் வாழ்ந்த மெக்சிகோக் குடும்பங்களின் ஊர். பக்கத்துப் பண்ணை ஒன்றில் 1917 கிறிஸ்துமஸ் அன்று கொள்ளை நடந்தது. போர்வெனிர் மக்களுக்கு அதில் பங்கு இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. 1918 ஜனவரி 28 இரவு மாநிலக் காவல் படையான டெக்சஸ் ரேஞ்சர் படையினர், குதிரைப் படைச் சிப்பாய்களோடும் பண்ணைக்காரர் சிலரோடும் ஊருக்குள் வந்தார்கள். ஆண்களையும் பையன்களையும் பிரித்தெடுத்து, கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். 15 பேர். மூத்தவருக்கு 72 வயது, இளையவனுக்கு 16. மிச்சமிருந்தவர்கள் பிணங்களை ஆற்றுக்கு அப்பால் எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. ஊரே இல்லாமல் போனது.

இறந்தவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதற்கு ஹாரி வாரன் என்ற பள்ளி ஆசிரியரும் ஒரு காரணம். அவர் வெள்ளைக்காரர், மெக்சிகோக் குடும்பத்தில் மணம் முடித்தவர், இறந்த 15 பேரில் அவருடைய மாமனாரும் ஒருவர். மறுநாள் காலை பிணங்களைப் பார்த்தார், பெயர்களை எழுதி வைத்தார். ரேஞ்சர்கள் இப்படிச் செய்தவை இது ஒன்று மட்டும் அல்ல. தெற்கே 1915-ல் கொல்லப்பட்டவர்கள் எத்தனை நூறு, எத்தனை ஆயிரம் என்று இன்றுவரை சரியான கணக்குக் கிடையாது. 1919-ல் ஹோசே தொமாஸ் கனாலேஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ரேஞ்சர்கள் மீது 19 குற்றச்சாட்டுகளை வைத்து விசாரணை கேட்டார். ஒரு ரேஞ்சர் அவரையே மிரட்டினார். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. படையின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. ஆனால் போர்வெனிர் கொலைகளுக்காக ஒருவர்கூடக் கோர்ட்டில் தண்டிக்கப்படவில்லை. சாட்சியங்கள் அடங்கிய 1,600 பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தை மாநிலம் அச்சிடாமலே பல பத்தாண்டுகள் வைத்திருந்தது.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போது சொல்லுங்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பிள்ளையிடமிருந்தா? பக்கங்களைப் பூட்டி வைத்ததிலிருந்தா? அப்பாவைப் பறிகொடுத்த பையன்கள் கிழவர்களாகி, பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, அந்தப் பேரப்பிள்ளைகள் வரலாற்று ஆசிரியர்களோடு சேர்ந்து நூறு ஆண்டுக்குப் பிறகு கேட்டது என்ன? சாலையோரம் ஒரு உலோகப் பலகை. அதற்கும் உள்ளூரில் எதிர்ப்பு வந்தது, இழுபறி நடந்தது, பிறகுதான் வைக்க முடிந்தது. என் மகள் அந்தப் பாடம் முடிந்த வாரம் யாரையும் வெறுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. ஹாரி வாரனைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கனாலேஸைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். வெள்ளைக்காரக் குடும்பத்துத் தோழி ஒருத்தியும் அதே வகுப்பில் படித்தாள். இருவரும் இன்றும் தோழிகள்.

வரலாறு தெரியாதவன் என்ன செய்வான் என்பதையும் நாம் பார்த்தோம். 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோவில் ஒரு வால்மார்ட் கடையில், பள்ளி திறக்கும் நேரத்துக்குச் சாமான் வாங்க வந்த மக்களைச் சுட்டுக் கொன்றவன் எங்கிருந்து போனான்? டாலஸுக்கு வடக்கே, நம் பகுதியில் வளர்ந்து, நம் பகுதியிலேயே படித்தவன். பத்து மணி நேரத்துக்கு மேல் காரை ஓட்டிக்கொண்டு போனான். 23 உயிர்கள். ஹிஸ்பானியர்கள் டெக்சஸ் மீது படையெடுக்கிறார்கள், அதற்குப் பதிலடி இது என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் பகுதியாக இருந்ததும், டெக்சஸின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் சான் அந்தோனியோவில் பிறந்த ஹோசே அந்தோனியோ நவாரோ ஒருவர் என்பதும் அவன் மண்டைக்குள் ஏறியிருந்தால் அன்று வீட்டிலேயே இருந்திருப்பான் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொய்யை நம்பும் அடுத்த பையன் நம் பிள்ளைகளோடுதான் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். 'நாங்கள் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது' என்று அந்த மக்கள் சொல்வதை ஒரு ஆசிரியர் வரைபடத்தை வைத்து விளக்கும் வகுப்பு அவன் காதிலும் விழட்டும். படையெடுப்பாளர்கள் என்ற அந்த வார்த்தையை நம்மைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

உங்களில் பலரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். பொங்கல் விழாவுக்கு உங்களோடு சேர்ந்து சமைத்திருக்கிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினீர்கள் என்று நினைக்கவில்லை. போர்டில் நமக்குச் செல்வாக்கு வேண்டும், அங்கே இருப்பவர்களோடு ஒத்துப்போனால் நம் காரியம் நடக்கும் என்று ஒரு கணக்கு இருந்திருக்கலாம். குழுவில் ஒருவர் அப்படி வெளிப்படையாகவே எழுதினார். இன்னொரு மக்களின் நினைவை விலையாகக் கொடுத்து வாங்கும் செல்வாக்கு எனக்கு வேண்டாம், என் பிள்ளைக்கும் வேண்டாம்.

நான் கேட்பவை இவை.

அந்த மடலைத் திரும்பப் பெறுகிறோம் என்று, போர்டு இதை வாக்குக்கு எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு முன்பே, எழுத்தில் கொடுங்கள். எல்லாக் குடும்பங்களையும் கேட்காமல் அனுப்பப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் மடலை எந்தக் குழுவில் போட்டீர்களோ, இரண்டாவதையும் அதே குழுவில் போடுங்கள்.

சங்கத்தின் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். இந்த வகுப்பில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் என் மகளைத் தவிரவும் இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும், பெரியவர்கள் கேட்போம். வகுப்பு ஆசிரியரையும், நம் மொழிக் கிரெடிட்டுக்காகப் பேசிய அந்தப் பெரியவரையும் அழையுங்கள். அதற்குப் பிறகும் பாடம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் போர்டுக்கு எழுதிக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை.

இனிமேல் எந்த அரசு அமைப்புக்கும் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக என்று எழுதுவதற்கு முன், வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சங்க விதியில் சேருங்கள்.

அப்புறம், தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை இந்த ஆண்டுச் சுற்றுலாவில் பைக் பார்க்குக்கும் அழைத்துப் போங்கள். பிக் பெண்ட் போகும் குடும்பங்களுக்குக் கொடுக்கும் வழிக்குறிப்பில் பிளாக்வெல் பள்ளியையும் போர்வெனிர் பலகையையும் சேருங்கள். வண்டி ஏற்பாடும் கட்டுச்சோறும் என் பொறுப்பு.

போர்டு கூட்டத்தில் பேசுவதற்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கு முந்தின நாள் மாலைக்குள் உங்கள் மடல் திரும்பப் பெறப்பட்டிருந்தால், சங்கம் தன் நிலையை மாற்றிக்கொண்டது என்று அங்கே மகிழ்ச்சியோடு சொல்வேன். இல்லையென்றால், உங்கள் மடலில் இருக்கும் 'தமிழ்க் குடும்பங்கள்' என்பதில் என் குடும்பத்தையும், என்னோடு கையெழுத்திட முன்வந்திருக்கும் மற்றக் குடும்பங்களையும் நீக்கிப் படிக்குமாறு போர்டைக் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒரு தாய்